குதிகாலில் தேறிய சோப்பு

ராயபுரம் கடலோரத்தில் இருந்த ஹார்க்கிரேவ் கப்பல் பட்டறையில் குழந்தைகளின் முகம் கழுவுவதற்கென்றே ஓர் இலாகா இருந்தது. கப்பலைப் பழுது பார்க்கவும் ஓர் இலாகா இருந்ததுதான். ஆனால் அது சுறுசுறுப்பான இலாகா என்று யாரும் வீண்பழி சுமத்தியதில்லை.

வெள்ளைக்காரத் துரை இருந்தவரை இந்த வம்பெல்லாம் கிடையாது. தொழிலாளி மனுஷன் என்று அவர் நினைத்ததும் இல்லை, நினைப்பதாகச் சொல்லிக்கொண்டதும் இல்லை. நாடு விடுதலை அடைந்து பட்டறை நம்மவர் கைக்கு வந்ததும், தொழிலாளியும் மனுஷன்தான் என்று பந்தல் போட்டு அறிவித்தார்கள். அறிவித்ததோடு விடாமல் சேமநல இலாகா என்று ஒன்றைத் திறந்து, ரகுபதி என்கிற பி.ஏ. படித்தவரை அதற்கு அதிகாரியாக உட்கார வைத்தார்கள். அவருக்கு மேஜை கொடுத்தார்கள், மின்விசிறி கொடுத்தார்கள், டவாலி போட்ட பியூன் பக்ருதீன் பாயைக் கொடுத்தார்கள். வேலை கொடுக்கத்தான் மறந்துபோனார்கள்.

அந்தக் குறையும் சீக்கிரமே தீர்ந்தது. பட்டறை மதிலுக்குள்ளேயே தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் நடந்துவந்தது. ஒருநாள் அதைப் பார்வையிட வந்த டைரக்டரின் மனைவி, முன்வரிசைப் பொடியன் ஒருவனின் மூக்கைப் பார்த்துவிட்டார். பார்த்த மாத்திரத்தில் கைக்குட்டையை எடுத்துத் தம்முடைய மூக்கை மூடிக்கொண்டார். அதே கைக்குட்டையால் அவன் மூக்கைத் துடைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மறுநாள் உத்தரவு வந்தது. பள்ளிக்கு வருகிற ஒவ்வொரு குழந்தையும் வாசலில் நின்று, பட்டறை கொடுக்கும் சோப்பால், பட்டறை ஆயா சிலுவையம்மாளின் கையால் முகம் கழுவிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். வீட்டில் கழுவிவந்த முகம் கழுவாத முகமாகவே கருதப்படும். கழுவாத முகத்தோடு தொடர்ந்து வருகிற குழந்தையின் பேர் பள்ளியிலிருந்து அடிக்கப்படும்.

சோப்புக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. பட்டறை ஸ்டோரில் அது மலையாகக் குவிந்து கிடந்தது. மூன்றாம் நம்பர் சோப்பு என்று பேர். செங்கல் நிறம், செங்கல் கனம். கப்பல் தளத்தில் ஒட்டிய தாரையும் எண்ணெயையும் தேய்த்துப் போக்குவதற்காக வாங்கிய சரக்கு. அதைத் தொடுவதற்கு முன்னால் கலாசிகள் கையில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொள்வார்கள். குழந்தைகளின் கன்னத்துக்குச் சாக்கு சுற்றும்படி உத்தரவில் இல்லை.

மற்றக் குழந்தைகள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கத்துகிற கத்தலைக் கத்திவிட்டு உள்ளே ஓடிவிடும். சுப்புராயனின் மகள் மங்கையால் அப்படி ஓடிவிட முடியவில்லை. அவளுக்குப் பதினோரு வயது, ஐந்தாம் வகுப்பு. பிறந்ததிலிருந்தே அவள் தோல் பொல்லாத தோல். புது ரவிக்கை போட்டால் கழுத்து சிவந்துவிடும், உப்புக்காற்று பலமாக அடித்தால் உதட்டோரம் வெடித்துவிடும். மூன்றாம் நம்பர் சோப்பு பட ஆரம்பித்த சில நாளிலேயே கன்னம் இரண்டும் தடித்து, செதில் செதிலாக உரிந்து, சிரித்தால் ரத்தம் கசிகிற நிலைக்கு வந்தது. அவள் சிரிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

சுப்புராயன் கட்டுமரக்காரர் வம்சம். அவன் மட்டும் கரையேறி, கப்பலின் வயிற்றில் தொங்கிக்கொண்டு சுத்தியலால் துரு தட்டுகிற வேலைக்கு வந்திருந்தான். மேலே யார் கூப்பிட்டாலும் “சரிங்க” என்று சொல்லிப் பழகியவன். அவன் மனைவி கன்னியம்மா கல்மண்டபத்தில் மீன் விற்றாள். அவளுக்குச் “சரிங்க” என்ற சொல் வராது. மகள் தலையில் மீன்கூடை ஏறக்கூடாது என்பது ஒன்றுதான் அவள் வாழ்க்கையில் பிடித்த பிடி. பட்டறைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புத் தேறினால் ஹைஸ்கூலில் சேர்த்துவிடுவார்கள். அதற்குள் பேரை அடித்துவிட்டால் கூடைதான்.

“இன்னாய்யா, ஆம்பளைன்னு வூட்ல ஒருத்தன் கீற, போயி ஒரு வார்த்த கேக்க மாட்டியா? கொயந்த மூஞ்சி அவிச்ச கெயங்கு மாரி உரிஞ்சிகினு கீது” என்றாள்.

“கேக்கறேன்மே. இன்னான்னு கேக்கறது?”

“சோப்பு வோணாம், நாங்களே நல்லதா பாத்து கயிவி அனுப்பறோம்னு கேளு. அதுக்கு இன்னா இங்கிலீசா தெரியணும்?”

சுப்புராயன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு சேமநல இலாகாவுக்குப் போனான். ரகுபதி மிகவும் அன்பானவர். எழுந்து நின்று வரவேற்றார். உட்காரச் சொல்லவில்லை, ஏனென்றால் அந்த அறையில் இன்னொரு நாற்காலி கிடையாது.

“சுப்புராயன், நீர் தைரியமாகப் புகார் சொல்ல வந்தீரே, அதுவே இந்த இலாகாவின் மாபெரும் வெற்றி” என்றார். “வெள்ளையன் காலத்தில் தொழிலாளி புகார் சொல்ல அஞ்சினான். ஏன்? குறைகள் இருந்தன. இன்று அஞ்சாமல் சொல்கிறான். ஆகவே குறைகள் இல்லை.”

“கொயந்தைக்கு மூஞ்சி எரியுதுங்க, சார்.”

“அவளுடைய எரிச்சலை நான் உணர்கிறேன். தீர விசாரிப்போம். அதுவரைக்கும் கழுவுவதை நிறுத்த முடியாது. எரிச்சல் நின்றுபோய்விட்டால் பிறகு எதை வைத்து விசாரிப்பது?”

சுப்புராயன் சரிங்க என்றான். வேறு சோப்பு கிடைக்குமா என்று ஸ்டோரில் கேட்டுப் பார்க்கும்படி ரகுபதி சொல்லியனுப்பினார்.

ஸ்டோர் சூப்பரின்டெண்டு தண்டபாணி இரும்புக் கம்பி போட்ட ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர். பட்டறைக்குள் வருகிற எந்தச் சாமானும் அவரைத் தாண்டித்தான் வரவேண்டும். பல சாமான்கள் அவரைத் தாண்டியதே இல்லை.

“எந்தப் பரப்புக்கு?” என்று கேட்டார்.

“மூஞ்சிக்குங்க. பொண்ணு மூஞ்சிக்கு. எரியாத சோப்பா ஒண்ணு.”

“முகம் என்று நம் ஸ்டோரில் பரப்பு கிடையாது. அடித்தகடு உண்டு, தளம் உண்டு, கொதிகலன் உண்டு, வண்ணம் பூசிய மரம் உண்டு, பித்தளை உண்டு. இதில் எது என்று சொல்லும், கொடுக்கிறேன்.”

“இதுல எதுவும் இல்லீங்களே, சார். கொயந்தைங்க.”

தண்டபாணி கம்பி வழியாக மங்கையை எட்டிப் பார்த்தார். அவர் மனமும் இளகத்தான் செய்தது.

“பாவம்தான். ஒன்று செய்கிறேன். ஸ்டோரிலேயே ரொம்ப மென்மையான சரக்கு பித்தளைக்குப் போடுகிற பசை. டைரக்டர் அறைக் கதவின் கைப்பிடிக்கே அதைத்தான் போடுகிறோம். ஒரு தொழிலாளியின் மகளுக்கு அந்தக் கௌரவம் வேண்டுமானால் என் அதிகாரத்தில் தருகிறேன்.”

கௌரவத்தைக் கையால் தொட்டுப் பார்த்தான் சுப்புராயன். விரல் நுனி கறுத்து, சுரீரென்றது. வேண்டாமுங்க என்று கும்பிட்டுவிட்டு வந்தான். இன்னாருக்கு இன்ன சலுகை காட்டப்பட்டு, அவர் அதை மறுத்துவிட்டார் என்று அன்றைக்கே மேலிடத்துக்குத் தகவல் போயிற்று.

இதற்கிடையில் வீட்டில் கன்னியம்மாவும் ஒரு விசாரணை நடத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு மின்விசிறி இல்லாததால் காரியம் வேகமாக நடந்தது. எடுத்த எடுப்பில் அவளும் தப்புத்தான் செய்தாள். யாரோ சொன்னார்கள் என்று கஸ்தூரி மஞ்சளும் கிச்சிலிக் கிழங்கும் போட்டு அரைத்த வாசனைப் பொடியை முகம் பூராவும் அப்பிவிட, மங்கை வீதிக்குக் கேட்கிற மாதிரி அலறினாள். கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு எதுவானாலும் முதலில் துளி எடுத்துக் காதுக்குப் பின்னால் தடவி, மறுநாள் வரைக்கும் விட்டுப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டாள். மூர் மார்க்கெட்டில் வாங்கிய ரோஜா மணக்கும் சோப்பு தோற்றது. வேப்பிலை தோற்றது. கடலைமாவு பாதி தேறிப் பாதி தோற்றது. கடைசியில் வெறும் பயத்தம்பருப்பை நைசாக அரைத்து, மல் துணியில் சலித்து, வேறு எதுவும் சேர்க்காமல் தண்ணீரில் குழைத்துத் தடவியபோது, காதுக்குப் பின்னால் ஒன்றுமே ஆகவில்லை.

“எரியுதா, மே?”

“இல்லம்மா. சும்மா ஜில்லுனு கீது.”

ஆனால் அதனால் என்ன பிரயோசனம்? சாயங்காலம் தாயார் ஆற்றுகிற முகத்தைக் காலையில் பட்டறை அவித்து அனுப்பியது.

விசாரணைக் குழு கூடியது. ரகுபதி, தண்டபாணி, மூன்றாவதாகப் பட்டறையின் தலைமை சர்வேயர். கப்பலின் உடம்பைத் தட்டிப் பார்த்து எங்கே பழுது என்று சொல்வது அவர் தொழில். மங்கையை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தினார்கள். சர்வேயர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு பழக்க தோஷத்தால் அவள் கன்ன எலும்பை விரல் முட்டியால் தட்டி, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார்.

“உள்ளே கெட்டியாகத்தான் இருக்கிறது” என்று அபிப்பிராயம் சொன்னார். “மேல்பூச்சுத்தான் உரிகிறது. கப்பலாக இருந்தால் முழுக்கச் சுரண்டிவிட்டு, துரு ஏறாமலிருக்கச் செவ்வீயம் ஒரு கோட்டிங் கொடுப்போம். துறைமுகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.”

மங்கை தகப்பனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவள் ஒத்துழைக்க மறுத்ததாகக் குழு குறித்துக்கொண்டது.

அடுத்தது சோப்பைச் சோதிப்பது. மனிதத் தோலில்தான் சோதிக்க வேண்டும் என்று ரகுபதி அழுத்தமாகச் சொன்னார். இது மனிதாபிமான இலாகா என்பதை அவர் மறக்கவில்லை. யாருடைய தோல் என்ற கேள்வி எழுந்தது. தம் முகம் இலாகாவின் முகம், அதைச் சொந்த உபயோகத்துக்கு எடுக்கக்கூடாது என்றார் ரகுபதி. தாம் காலையில்தான் சவரம் செய்துகொண்டதாகச் சர்வேயர் சொன்னார். தண்டபாணி தம் முகம் ஸ்டோர் சரக்கல்ல என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். அப்போது பக்ருதீன் பாய் டீ கொண்டுவந்தார்.

பாயின் முகம் முழுக்கத் தாடி. கையில் டீத் தட்டு. மிச்சம் இருந்த தோலில், டீயைக் கொடுத்துவிட்டுத் தட்டோடு திரும்பும்போது கண்ணில் பட்டது அவருடைய குதிகால். அந்தக் கால் செருப்பு அறியாதது. வெயிலில் பழுத்த இரும்புத் தகடுகளின் மேலும், உடைந்த சிப்பிகளின் மேலும் நடந்து நடந்து அது ஆமை ஓடாகியிருந்தது. அதைக் கழுவித் துடைத்து, மூன்றாம் நம்பர் சோப்பை நுரைக்க நுரைக்கத் தேய்த்தார்கள்.

“எரிகிறதா, பாய்?”

“எங்க சார் தேய்க்கிறீங்க?” என்று கேட்டார் பாய்.

குழுவுக்குப் புல்லரித்துவிட்டது. தடவியது கூடத் தெரியாத அளவுக்கு மென்மையான சோப்பு என்று ஏகமனதாக முடிவு செய்தார்கள். குற்றம் சோப்பில் இல்லை என்று ருசுவானதால், அது முகத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஏற்பட்டது. முகத்தை என்ன செய்வது என்று டைரக்டர் தீர்ப்புச் சொல்லும்படி விவகாரத்தை மேலே அனுப்பினார்கள்.

இங்கேதான் தண்டபாணியின் நியாய புத்தி குறுக்கே வந்தது. கப்பல் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாகம் பழுது யாரால் ஏற்பட்டது என்று தகராறு வந்தால், தீர்ப்பு வரும்வரை அந்தப் பாகத்தை ஒருவரும் தேய்க்கக் கூடாது, கழுவக் கூடாது, பூசக் கூடாது. முகம் இப்போது தகராறில் இருந்தது. ஆகவே கப்பலின் உடைந்த பாகத்தில் கட்டுகிற தகரத் துண்டு ஒன்றை எடுத்து, “விசாரணையில் உள்ளது, தொடாதே” என்று எழுதி, கயிறு கோத்து மங்கையின் கழுத்தில் மாட்டிவிட்டார்.

மறுநாள் வாசலில் அந்தத் தகரத்தைப் பார்த்ததும் சிலுவையம்மாள் சோப்பைக் கீழே போட்டாள். “நீ போ கண்ணு, சீக்கிரம் போ” என்று முதுகில் தட்டி உள்ளே அனுப்பினாள். அன்றைக்கு மத்தியானம் மங்கையைச் சுற்றி ஒரே கூட்டம். ஒரு நாளைக்கு மட்டும் இரவல் கொடு, பதிலுக்குப் பம்பரம் தருகிறேன், மாங்காய் தருகிறேன் என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள்.

பட்டறையின் சோப்பு படாமல், அம்மாவின் பயத்தமாவு மட்டும் பட்டதில் செதில் உதிர்ந்தது, தடிப்பு அடங்கியது, கன்னத்தில் பழைய பளபளப்பு திரும்பியது. சுப்புராயன் வேலைவிட்டு வந்து விளக்கு வெளிச்சத்தில் மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அவள் சிரித்தாள். ரத்தம் வரவில்லை. அவன் விளக்குத் திரியை இன்னும் கொஞ்சம் தூண்டிவிட்டான்.

குழு மறுபடி கூடி அந்த முகத்தைப் பார்த்தது. ரகுபதி ஆனந்தத்தில் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“பார்த்தீரா சுப்புராயன்! சோப்பு வேலை செய்துவிட்டது!”

“சோப்பே போடலீங்களே, சார். தகரம் மாட்டிகினு தானே போய்கினு வந்துகினு கீது. பயத்தமாவுதாங்க...”

“அவசரப்படக்கூடாது. மட்டமான சோப்பு போடும்போது மட்டும்தான் வேலை செய்யும். உயர்ந்த சோப்பு போடுவதை நிறுத்திய பிறகும் வேலை செய்யும். முன்பு போட்டதெல்லாம் உள்ளே போய் இப்போது பலன் காட்டியிருக்கிறது. இனி விடாமல் போட்டால் எப்படி இருக்கும், யோசித்துப் பாரும்!”

சுப்புராயன் யோசித்துப் பார்த்தான். மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். தகரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

விழா ஏற்பாடாயிற்று. பள்ளி வாசலில் பந்தல், மாவிலைத் தோரணம், டைரக்டர் தலைமை, பத்திரிகைக்குப் போட்டோ. நிகழ்ச்சியின் சிகரமாக, சேமநல அதிகாரி தம் திருக்கரத்தால் ஒரு தொழிலாளியின் மகளுக்கு முகம் கழுவிவிடுவார். விழாவுக்கு முதல் நாள் பட்டறை மேஸ்திரி வந்து, “மொரண்டு கிரண்டு பண்ணாத சுப்பு, வேலைக்கு வேட்டு வெச்சிடுவானுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு கன்னியம்மா வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பயத்தம்பருப்பு அரைத்து வைத்தாள்.

காலையில் குழந்தைகள் வாசலில் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் தாய்மார்கள், கையில் வேலை இருந்தும் வரவழைக்கப்பட்டவர்கள். ரகுபதி ஒலிபெருக்கியின் முன் நின்றார்.

“பெரியோர்களே, தாய்மார்களே! வெள்ளையன் நம் முதுகைப் பார்த்தான், எவ்வளவு சுமக்கும் என்று. நாங்கள் உங்கள் முகத்தைப் பார்க்கிறோம். கூலியை உயர்த்தச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். கூலி இன்று வரும், நாளை செலவாகிப்போகும். சுத்தம் செலவாகாது! இந்த வாசலில் குடிதண்ணீர்க் குழாய் இல்லையே என்று கேட்கிறார்கள். குடிப்பதற்குத் தண்ணீர் இல்லாவிட்டாலும், கழுவுவதற்குத் தண்ணீரை வண்டியில் தருவித்தோமே, அது எந்த இலாகா செய்யும்? உங்கள் குழந்தையை உங்களைவிட எங்களுக்கு நன்றாகத் தெரியும். இதோ, நிரூபிக்கிறேன்!”

கைதட்டல் ஏற்பாட்டின்படி நடந்தது. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சோப்பை எடுத்து முழங்கைவரை நுரைக்கத் தேய்த்தார். போட்டோக்காரர் குனிந்தார்.

“வா, அம்மா மங்கை!”

மங்கை நகரவில்லை. தகப்பன் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

“வோணாம் நைனா. திருப்பியும் எரியும் நைனா.”

சுப்புராயன் வாயில் “சரிங்க” வந்துவிட்டது. உதடு வரைக்கும் வந்தது. குனிந்து மகள் முகத்தைப் பார்த்தான். கன்னம் இளந்தோல் கட்டி, அப்போதுதான் ஆறியிருந்தது. அவனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“வோணாம், சார்” என்றான்.

ஒலிபெருக்கி அதையும் வாங்கிக்கொண்டு ஊருக்கே சொன்னது.

“என்ன?” என்றார் ரகுபதி.

“எம் பொண்ணு மூஞ்சி, சார். கப்பலு உங்களுது, பந்தலு உங்களுது, சோப்பு உங்களுது. எல்லாத்தியும் நீங்களே வெச்சிக்கங்க. மூஞ்சி கொயந்தையோடது. அத்த வுட்டுடுங்க.”

“சுப்புராயன், இது ஒழுங்கு நடவடிக்கைக்கு...”

“இன்னாடி மரமாட்டம் நின்னுகினு கீற?” என்று கூட்டத்திலிருந்து கன்னியம்மா குரல் கொடுத்தாள். “மணி அடிச்சிட்டாங்க. கிளாசுக்குப் போமே!”

மங்கை கையை விட்டாள். நுரைக் கையோடு நின்ற அதிகாரியைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர்ப் பீப்பாயைத் தாண்டி, வாசலுக்குள் நடந்தாள். பிறகு ஒரு தாயார் தன் மகனைப் பிடரியில் கைவைத்துத் தள்ளிவிட்டாள். இன்னொருத்தி தள்ளிவிட்டாள். அப்புறம் தள்ளவே தேவையில்லாமல் வரிசை முழுக்கக் கலைந்து, கழுவாத முகங்களெல்லாம் ஓ என்று கூச்சலிட்டுக்கொண்டு உள்ளே பாய்ந்தன.

“ஆயா! நிறுத்து! வாசலை மறி!” என்று கத்தினார் ரகுபதி.

வாசலில் நின்ற சிலுவையம்மாள் நகர்ந்து வழிவிட்டாள். பிறகு முந்தானைக்குள் வைத்திருந்த கைகளை வெளியே எடுத்து மேடைப் பக்கம் விரித்துக் காட்டினாள். உள்ளங்கையிலும் விரல் சந்திலும் தோல் வெந்து, வெடித்து, நிணம் கசிந்துகொண்டிருந்தது.

“இத்த வெச்சிகினு எத்தினி கொயந்தைய மறிக்கிறது, சார்? இவ்ளோ நாளா யாருனா இந்தக் கையப் பத்தி கேட்டீங்களா?”

கீழே தாய்மார்கள் அந்தக் கையைப் பார்த்துவிட்டு மேடையைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்த பார்வையில் சர்வேயருக்கு அவசரமாக வேறெங்கோ வேலை வந்துவிட்டது. தண்டபாணி தாம் சாமான் கொடுப்பவர்தான், பூசுபவர் அல்ல என்று போட்டோக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

ரகுபதி மட்டும் கழுவ ஒரு முகமும் இல்லாமல் இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றார். வெயிலில் நுரை காய்ந்து இறுக ஆரம்பித்தது. முதலில் மணிக்கட்டு குறுகுறுத்தது. பிறகு முழங்கைவரை சுருசுருவென்று ஏறியது. டைரக்டருக்கு முன்னால் சொறிந்துகொள்வது மரியாதை இல்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது.

டைரக்டர் காலையிலிருந்து எதையும் கவனிக்காமல் இருந்தவர், இதைக் கவனித்துவிட்டார்.

“என்ன ரகுபதி, கையெல்லாம் இப்படிச் சிவந்திருக்கிறது?”

“உற்சாகம், சார்” என்றார் ரகுபதி.